அலகில்லாத எண்

ஒன்று புள்ளி ஏழு. சரி, ஒன்று புள்ளி ஏழு என்ன? கண்ணுக்கு நேரே இருந்த திரையில் சிவப்பாக அந்த எண் மட்டும் நின்றது. பக்கத்தில் ஓர் எழுத்து கிடையாது, இன்னதில் அளந்தோம் என்று சொல்ல ஒரு குறி கிடையாது. பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் தலை நரைக்கும்வரை இயற்பியல் நடத்தி, துறைத்தலைவராக ஓய்வுபெற்ற பேராசிரியர் சற்குணம், சட்டையில்லாமல், பனியனில்லாமல், நெஞ்சு நிறைய ஒயர் தொங்க, ட்ரெட்மில்லின் கறுப்புப் பட்டைமேல் நடந்துகொண்டிருந்தார். இதயம் ஒழுங்காக ஓடுகிறதா என்று நடக்கவிட்டுப் பார்க்கும் சோதனை. வேறு யாராக இருந்தாலும் அந்த நேரத்தில் இயேசப்பாவைக் கூப்பிட்டிருப்பார்கள். சற்குணத்துக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். லட்சம் லட்சமாகக் கொட்டி வாங்கின இயந்திரம், அதற்கு அலகு எழுதத் தெரியவில்லை. முதல் வருஷத்துப் பையன்களுக்கு முதல் நாள் அவர் நடத்துகிற முதல் பாடமே அதுதான். அளவு என்றால் எண்ணும் அலகும் சேர்ந்தது, அலகில்லாத எண் வெறும் சத்தம். விடைத்தாளில் ஒருத்தன் பக்கம் பக்கமாகச் சரியாகக் கணக்குப் போட்டுவிட்டு, கடைசியில் வெறும் ஐந்து என்று முடித்திருந்தால், அதைச் சிவப்பு மையால் சுழித்து, ‘ஐந்து என்ன, எருமையா?’ என்று எழுதி முட்டை போடுவார். பையன்கள் அழுதிருக்கிறார்கள். ஒருத்தனுடைய அப்பா தாசில்தார், ஜீப்பில் வந்து இறங்கி, போனால் போகிறது சார் என்றார். ஜீப்பில என்ன வேகத்துல வந்தீங்க என்று கேட்டார் சற்குணம். அறுபது சார் என்றார் தாசில்தார். அறுபது என்ன என்றார் சற்குணம். பிள்ளைக்கு எங்கிருந்து வந்தது என்று அப்போதே தெரிந்துவிட்டது. இப்போது அந்தத் தாசில்தார் வர்க்கம்தான் ஆஸ்பத்திரி கட்டியிருக்கிறது போலிருக்கிறது. வாசலில் மீன்தொட்டி, மேஜையில் பிளாஸ்டிக் பூ, சுவரில் கண்ணும் வாயும் வரைந்து சிரிக்கிற இதயத்தின் படம். இதயத்துக்கு வாய் வரையத் தெரிந்தவனுக்கு இயந்திரத்தில் இரண்டு எழுத்துப் போடத் தெரியவில்லை.

“நேரா பாருங்க சார், கம்பிய லேசாப் புடிச்சாப் போதும்” என்றாள் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்கிற இசக்கியம்மாள். முப்பத்தைந்து வயதிருக்கும். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அவள்தான் ஒரு மலிவு ரேஸரை வைத்து அவர் நெஞ்சுமுடியை அங்கங்கே வட்டமாக மழித்து, குளிர்ந்த பசையைத் தடவி, ஒயர் மாட்டப் பொத்தான் பொத்தானாக ஒட்டினாள். ஒட்டும்போது பக்கத்து அறைக்காரியிடம் வெண்டைக்காய் விலையைப் பேசிக்கொண்டிருந்தாள். சற்குணத்தின் நெஞ்சு அவளுக்கு ஒரு பலகை, அவ்வளவுதான். இதற்கெல்லாம் காரணம் மகள் பியூலா. சென்னையிலிருந்து ஒரு கல்யாணத்துக்கு வந்தவள் சும்மா இருந்துவிட்டுப் போயிருக்கலாம். மொட்டைமாடித் தொட்டியை எட்டிப் பார்க்க ஏறின அப்பா, பாதிப் படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துத் தொலைத்தாள். “ஏம்ப்பா படியில நிக்கீங்க?” “பல்லியப் பாத்துக்கிட்டு நிக்கேன்.” பல்லியும் இல்லை, பாச்சையும் இல்லை. நெஞ்சின் நடுவில் யாரோ உட்கார்ந்துகொண்ட மாதிரி ஓர் அழுத்தம், மேலே ஏறினால் வரும், நின்றால் போகும். ஒரு மாதமாக இருக்கிறது. ஊரில் ஒவ்வொரு முட்டாளும் எதைக் கேட்டாலும் கேஸ் கேஸ் என்பானே, அந்தக் கேஸ் என்றுதான் அவரும் வைத்துக்கொண்டார். கதவைச் சாத்திக்கொண்டு ஓமத் திரவம் குடித்தார், சோடா குடித்தார், ஏப்பம் வந்ததும் பார்த்தாயா என்று தனக்கே சொல்லிக்கொண்டார். பியூலா விடவில்லை. கடைசியில் ஒரு பேச்சு முடிவானது. சோதனையில் எல்லாம் சரி என்று வந்தால், சென்னைக்கு வந்து எங்களோடு இருங்கள் என்ற பேச்சை அவள் இந்த ஜென்மத்தில் எடுக்கக்கூடாது. சரியில்லை என்று வந்தால் வீட்டைப் பூட்டிவிட்டு அவர் அவளோடு ரயில் ஏற வேண்டும். சரி என்று கையடித்துக் கொடுத்தார். காலையில் அந்த இளம் டாக்டர், மீசைகூடச் சரியாக முளைக்காதவன், நெஞ்சுவலி ஏதும் உண்டா என்று கேட்டபோது, பியூலா பக்கத்தில் இருக்க, கண்ணைக்கூடச் சிமிட்டாமல் இல்லை என்றார். பிறகு மகளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே வந்தார். அப்பாவின் வெற்று நெஞ்சைப் பார்க்க அவள் என்ன, நர்ஸா?

ரயில் ஏறினால் எங்கே போய் விழ வேண்டும் என்பதுதான் விஷயம். மருமகன் ரெக்ஸனின் பதினோராவது மாடி. ரெக்ஸன் கெட்டவன் இல்லை, அது இன்னும் மோசம். கெட்டவன் என்றால் சண்டை போடலாம். இவன் சாப்டீங்களா மாமா, தூங்கினீங்களா மாமா என்று மணிக்கொருதரம் கேட்பான், அதுவும் காது கேட்காதவனிடம் கேட்பதுபோல உரக்கக் கேட்பான். வீடு வாங்கின புதிதில் பெருமையாகச் சொன்னான், “ஏர்போர்ட் இருபது நிமிஷ தூரந்தான் மாமா.” நிமிஷத்தில் தூரம்! படித்தவன், பெரிய கம்பெனி, காரில் போகிறவன். இருபது நிமிஷம் எந்த வேகத்தில் என்று கேட்டார். டிராபிக்கைப் பொறுத்து மாமா என்றான். டிராபிக் கூடினால் ஏர்போர்ட் தள்ளிப் போய்விடுமா என்று கேட்க வாய்வரை வந்தது, பியூலாவின் முகத்தைப் பார்த்து விழுங்கினார். இந்த ஆட்களுக்கு நடுவில் போய், சோபா ஓரத்தில், கையில் ரிமோட்டைக் கொடுத்து உட்காரவைத்த ஒரு கிழமாக இருப்பதைவிட இந்தப் பட்டையிலேயே விழுந்து சாகலாம். இல்லை, சாகலாம் என்று நினைக்கக்கூடாது, நெஞ்சுத்துடிப்பு கூடும், அதுவும் இசக்கியம்மாள் பார்க்கிற திரையில் கோடாக ஓடும். சொந்த வீட்டில் அவருக்கு ஒரு நாற்காலி இருக்கிறது, காலை வெயில் எந்த நேரத்தில் எந்தத் தரைக்கல்லுக்கு வரும் என்று தெரியும், கேள்வி கேட்க ஒரு நாதி கிடையாது. அது போதும். அதற்காகத்தான் இந்த நடை. இதுவும் ஒரு நடையா? ட்ரெட்மில்லில் நடப்பவன் ஓய்வில் இருக்கிறானா, இயக்கத்தில் இருக்கிறானா என்று ஒருமுறை கேள்வித்தாளில் கேட்டிருக்கிறார். எதைப் பொறுத்து என்று திருப்பிக் கேட்பவன்தான் பாஸ். பட்டையைப் பொறுத்து முன்னால் போகிறான், இந்த அறைச் சுவரைப் பொறுத்து நின்ற இடத்திலேயே நிற்கிறான். கடந்த தூரம் உண்டு, இடப்பெயர்ச்சி சுழி. சக பேராசிரியர் ஞானையா, பத்து வருஷத்துப் பழைய நோட்ஸை அப்படியே ஒப்பிக்கிற ஆள், நடக்கிறவன் நடக்கத்தானே செய்யுதான் என்று, இயக்கம் என எழுதினவனுக்கெல்லாம் மதிப்பெண் போட்டுக்கொண்டு போனான். அவனுக்குச் சிறந்த ஆசிரியர் விருது கொடுத்தார்கள். மாலை போட்டார்கள். அந்த மாலையோடு தெருவில் நடந்தே வீட்டுக்குப் போனான்.

ஒன்று புள்ளி ஏழு. எதில் அளப்பான்? கிலோமீட்டரில்தான். இந்த நாட்டில் பஸ் ஓட்டுகிறவனிலிருந்து பால்காரன்வரை எல்லாரும் மணிக்குக் கிலோமீட்டர்தான் பேசுகிறார்கள். கேட்கவே வேண்டியதில்லை. இசக்கியம்மாளிடம் கேட்கலாம்தான், ஆனால் அவளிடம் எதைக் கேட்பது? கேட்டால் அவள் வெண்டைக்காய் விலையைச் சொல்வாள். கேட்காமலேயே தெரிந்தவர் என்றுதான் ஊரில் பெயர், அந்தப் பெயரை இந்த வயதில் ஒரு ரேஸர்க்காரியிடம் தொலைப்பானேன். மணிக்கு ஒன்று புள்ளி ஏழு கிலோமீட்டர் என்றால் எருமைகூடச் சிரிக்கும், பள்ளிக்கூடம் பிடிக்காத பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் போகிற வேகம். இதை வைத்தா இதயத்தைச் சோதிக்கிறான்? ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்து காட்டலாமா என்றுகூட நினைத்தார். அப்போதுதான் நெற்றியில் ஏதோ ஊர்வதுபோல இருந்தது. வியர்வை. ஏசி ஓடுகிற அறையில் வியர்வை. மூச்சு வாய்வழியாக வந்துகொண்டிருந்தது, எப்போது மூக்கை விட்டது என்று தெரியவில்லை. கெண்டைக்கால் இரண்டும் இழுத்தன. பட்டையின் முன்பக்கம் கொஞ்சம் உயர்ந்திருப்பது காலுக்குத் தெரிந்தது, ஆனால் அது ஒரு மேடா, ஆற்றுப்பாலம்கூட இதைவிட மேடுதான். ஒன்று புள்ளி ஏழுக்கே இப்படியா? வ.உ.சி. மைதானத்தைச் சுற்றிக் காலையில் ஒரு கூட்டம் நடக்கும், ஓய்வுபெற்ற வங்கி மேலாளர்கள், சர்க்கரைக்காரர்கள், கையை வீசிக்கொண்டு, அரசியல் பேசிக்கொண்டு, நடுநடுவே நின்று சிரித்துக்கொண்டு. அவர்களை அவர் எப்போதும் உள்பக்கமாக முந்திக்கொண்டு போவார், திரும்பிப் பார்க்கமாட்டார். அவர்கள்கூட மணிக்கு நாலு கிலோமீட்டர் போவார்கள், அவரே கணக்குப் பார்த்திருக்கிறார். அதில் பாதிகூட இல்லை இது. அந்தச் சர்க்கரைக்காரர்களில் கடைசி ஆளுக்கும் பின்னால், தொப்பையைத் தூக்கிக்கொண்டு வருகிற அந்த ஸ்டாம்பு வெண்டருக்கும் பின்னால் போய்விட்டாரா சற்குணம்? ஒரு மாதமாக மைதானத்துக்குப் போகவில்லை. மழை என்று சொல்லிக்கொண்டார். மழை பெய்தது இரண்டு நாள்.

“வலி கிலி இருக்கா சார்? நெஞ்சுல, தோள்ல, தாடையில?” இசக்கியம்மாள் அவர் கையில் கட்டியிருந்த பிரஷர் பட்டியில் காற்றை அடித்துக்கொண்டே கேட்டாள். “இல்ல.” “மூச்சு வாங்குதா?” “நடந்தா மூச்சு வாங்காதா?” அவள் இயந்திரத்தில் எதையோ தட்டினாள். இல்லை என்பது முழுப் பொய்யில்லை. வலி என்று சொல்ல முடியாது, அழுத்தம். அழுத்தம் வேறு, வலி வேறு. அழுத்தம் என்றால் ஒரு பரப்பின்மேல் செயல்படும் விசை, அதற்கு அலகு உண்டு, கருவி உண்டு. இவள் வலி என்றுதான் கேட்டாள், வலி இல்லை என்றார், கேள்விக்குச் சரியான பதில். இப்படித்தான் ஆய்வகத்தில் பையன்கள் செய்வார்கள். புவியீர்ப்பு முடுக்கம் ஒன்பது புள்ளி எட்டு வர வேண்டும் என்று முன்கூட்டியே தெரியும், விடையை முதலில் எழுதிவிட்டு, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, ஊசல் ஆடாமலே அளவுகளை நிரப்பிவிடுவார்கள். அவர் ஒரு பார்வையில் பிடித்துவிடுவார், ஏனென்றால் உண்மையான அளவு அவ்வளவு அழகாக இருக்காது. அசிங்கமாக, முன்னேபின்னே இருந்தால்தான் அவன் அளந்தான் என்று அர்த்தம். எத்தனை பேரின் ஆய்வகக் குறிப்பேட்டை ஜன்னல்வழியே எறிந்திருக்கிறார். நெஞ்சுக்கு இல்ல, தோளுக்கு இல்ல, தாடைக்கு இல்ல என்று ஒரே மாதிரி மூன்று பதில். அழகாகத்தான் இருக்கிறது. சே, என்ன ஒப்பீடு இது, அந்தக் கழுதைகள் சோம்பேறித்தனத்தால் செய்தார்கள், இவர் ஒரு காரணத்தோடு செய்கிறார். காரணம் என்ன என்று உள்ளே ஒருத்தன் கேட்டான். அவனையும் ஜன்னல்வழியே எறிந்தார்.

“இப்போ வேகம் கூடும் சார். மேடும் கூடும்” என்றாள். முன்பக்கம் இன்னும் உயர்ந்தது, பட்டை விருட்டென்று இழுத்தது, ஓரடி தடுமாறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். இரண்டு புள்ளி ஐந்து. மறுபடியும் மொட்டை எண். மணிக்கு இரண்டரைக் கிலோமீட்டர், இன்னமும் பிள்ளைகள் நடைதான், ஆனால் கால் அப்படிச் சொல்லவில்லை. கால் சொன்னது, ஓய் சற்குணம், இது மைதானத்தில் நீர் நடந்த நடை, அதைவிடக் கொஞ்சம் கனமான நடை. கால் சொல்வதை அவர் எப்போது கேட்டிருக்கிறார்? உடம்பு சொல்கிற அளவை நம்பக்கூடாது, கருவி சொல்வதைத்தான் நம்ப வேண்டும் என்று அவரே போதித்திருக்கிறார். வெந்நீரில் ஒரு கையும் குளிர்நீரில் ஒரு கையும் வைத்துவிட்டு இரண்டையும் வெதுவெதுப்பான நீரில் விட்டால் ஒன்று சுடும், ஒன்று குளிரும், உடம்பு ஒரு பொய்யன். ஆனால் இந்தப் பொய்யன் இன்று விடாப்பிடியாக நின்றான். தலையைக் குனிந்து பார்த்தார். பட்டையில் ஓர் ஒட்டு இருந்தது, வெளிறின சாய்வான கோடு, முன்னாலிருந்து வந்து, காலுக்கடியில் போய், பின்னால் மறைந்து, மறுபடி முன்னால் வந்தது. “கீழ பாக்காதீங்க சார், தலை சுத்தும்.” “சுத்தட்டும்.” சுவரில் மருந்துக் கம்பெனி கொடுத்த கடிகாரம் ஒன்று இருந்தது, வினாடி முள்ளோடு. ஒரு சுற்றை மட்டும் அளக்கிறவன் மடையன், கண் ஏமாற்றிவிடும். ஊசலுக்குச் செய்வதுபோலப் பத்துச் சுற்றை எண்ணிப் பத்தால் வகுக்க வேண்டும், பிழையும் பத்தில் ஒன்றாகிவிடும். கோடு வந்தது, சுழி. கோடு வந்தது, ஒன்று. பலபேர் முதல் கோட்டையே ஒன்று என்று எண்ணிக் குட்டிச்சுவர் ஆக்குவார்கள், ஞானையா உட்பட. இரண்டு. மூன்று. வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. துடைக்கவில்லை. நெஞ்சின் நடுவில் இருந்தது கொஞ்சம் நகர்ந்து இடதுபக்கம் உட்கார்ந்தது. இருக்கட்டும். ஏழு. எட்டு.

பத்து. அரை நிமிஷத்துக்கு ஒரு மயிரிழை குறைவு. ஆக ஒரு சுற்றுக்கு மூன்று வினாடி கிட்டத்தட்ட. பட்டையின் நீளம்? மேலே தெரிகிற பலகை ஒன்றரை மீட்டர் இருக்கும், அடியில் அதே அளவு, இரண்டு உருளையையும் சுற்றுவதற்குக் கொஞ்சம். மூன்று மீட்டருக்குச் சற்று மேலே. அப்படியென்றால் வினாடிக்கு ஒரு மீட்டரும் ஒரு பிசிரும், மணிக்கு நாலு கிலோமீட்டர். நாலு! திரையில் இரண்டரை. நாலை இரண்டரையால் வகுத்தால் ஒன்று புள்ளி ஆறு. சற்குணத்துக்குச் சிரிப்பு வந்தது, மூச்சில்லாமல் சிரித்தார், அது இருமலாக வெளியே வந்தது. ஒன்று புள்ளி ஆறு யார் என்று அவருக்குத் தெரியாதா? மைல். ஒரு மைலுக்கு அத்தனை கிலோமீட்டர். கிழட்டு மைல். வெள்ளைக்காரன் போட்டுவிட்டுப் போன மைல்கல்லையெல்லாம் பிடுங்கி எத்தனையோ காலம் ஆயிற்று, உலகமே கூடி உட்கார்ந்து மீட்டர் என்று முடிவு செய்தாயிற்று, அமெரிக்காக்காரன் மட்டும் பிடிவாதமாகக் கட்டிக்கொண்டு அழுகிற மைல், இங்கே வண்ணார்பேட்டை ஆஸ்பத்திரி மாடியில் ஒளிந்துகொண்டு அவரை இவ்வளவு நேரம் ஸ்டாம்பு வெண்டருக்குப் பின்னால் ஓடவிட்டிருக்கிறது! “ஏம்மா, இது மைல்ல ஓடுது” என்றார், திருடனைப் பிடித்தவர்போல. “ஆமா சார், அமெரிக்கா மெஷின்லா” என்றாள் அவள், கரண்ட் போய்விட்டு வந்தது என்பதைப்போல. “தெரிஞ்சா ஒரு ஸ்டிக்கர் எழுதி ஒட்டக் கூடாதா?” “யாரும் கேட்டதில்ல சார்.” யாரும் கேட்டதில்லை! இத்தனை பேர் ஏறி நடந்திருக்கிறார்கள், வக்கீல், இன்ஜினீயர், பாதிரியார், எத்தனை வேகத்தில் நடக்கிறோம் என்று ஒருத்தனுக்குக்கூடத் தெரிய வேண்டும் என்று தோன்றவில்லை. செம்மறிக் கூட்டம். ஏற்றிவிட்டால் நடக்கும், இறக்கிவிட்டால் சட்டையைப் போட்டுக்கொண்டு போகும்.

ஆக அவர் நடந்தது பிள்ளைகள் நடையல்ல. நாலு கிலோமீட்டர், அதுவும் மேட்டில். முதலில் நடந்ததும் ஒன்று புள்ளி ஏழு கிலோமீட்டர் இல்லை, இரண்டே முக்கால். வியர்க்காமல் என்ன செய்யும்? மூச்சு வாங்காமல் என்ன செய்யும்? எல்லாவற்றுக்கும் விளக்கம் கிடைத்துவிட்டது, எல்லாம் அந்த அலகின் தப்பு. மனசு அப்படியே லேசானது. வெளியே போனதும் பியூலாவிடம் என்ன சொல்வது என்று வாக்கியம் வாக்கியமாக அடுக்கினார். உங்க ஆஸ்பத்திரிக்கு அளக்கவே தெரியலை, இவங்களா என்னை அளக்கப்போறாங்க. ராத்திரி ரெக்ஸன் போனில் கேட்பான், நல்லபடியா வந்துச்சா மாமா என்று, அவனுக்கும் ஒன்று வைத்திருந்தார். “அடுத்த கட்டம் சார்” என்று இசக்கியம்மாள் சொன்னதுகூடப் பாதிதான் காதில் விழுந்தது. மூன்று புள்ளி நாலு. மைல்! அஞ்சரைக் கிலோமீட்டர், இப்போது அவருக்கு எல்லாம் தெரியும், வா பார்க்கலாம். முன்பக்கம் உயர்ந்தது. கால் ஓடாத குறையாக அடித்தது. விளக்கம் கிடைத்த பிறகு நெஞ்சின் அழுத்தம் இறங்கியிருக்க வேண்டும் அல்லவா? அது இறங்கவில்லை. நெஞ்சில் உட்கார்ந்திருந்தது எழுந்து போகவில்லை. மைல் என்று கண்டுபிடித்ததற்கு முன்னால் எவ்வளவு இருந்ததோ அதைவிடக் கூடி, இடது தோளுக்குப் போய், கீழ்த்தாடையில் வந்து பல்லைப் பிடித்தது. மைலிலிருந்து கிலோமீட்டருக்கு இன்னொருமுறை மாற்றிப் பார்த்தார், சாவியை மறந்தவன் மூடின கதவை மறுபடி தள்ளிப்பார்ப்பதுபோல. வகுப்பில் ஒரு குள்ளப் பையனை மேஜைப் பக்கத்தில் நிறுத்திவைப்பார். சென்டிமீட்டரில் அளந்தால் நூற்று ஐம்பது. அடியில் அளந்தால் ஐந்துகூட இல்லை. எங்கலே போச்சு மிச்சம், பையன் சுருங்கிட்டானா என்று கேட்பார். வகுப்பே சிரிக்கும், அந்தப் பையன் காது சிவந்து நிற்பான். அலகை மாற்றினால் எண்தான் மாறும், பையன் மாறமாட்டான் என்று அவர் பலகையில் எழுதுவார். இவ்வளவு நேரம் எண்ணைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்திருக்கிறார். எந்த எண்ணை எழுதினாலும் இந்த மேடு இதே மேடுதான், இந்த நெஞ்சு இதே நெஞ்சுதான். முதல் வருஷத்துப் பாடம். அதில் சற்குணம் பெயில். ஒரு மாதமாகப் பெயில். ஓமத் திரவம் குடித்த மடையன், பல்லி பார்த்த மடையன், இந்த உலகத்தில் அவர் பார்த்த அத்தனை மடையர்களையும் வரிசையில் நிற்கவைத்தால் முன்னால் நிற்க வேண்டியவன். அந்த ஆளின் முகத்தில் அறைய வேண்டும் போலிருந்தது. கைதான் வரவில்லை. இடது கை கனத்துக் கிடந்தது.

பயம் வந்தது. சுற்றி வளைக்காமல், பெயர் சொல்லிக்கொண்டு வந்தது. பேசாமல் இருந்தால் இன்னும் இரண்டு நிமிஷத்தில் பட்டை தானாக நின்றுவிடலாம், எல்லாம் சரி என்று ஒரு தாள் கையில் வரலாம், நாற்காலிக்குப் போகலாம். போய் அந்த நாற்காலியில் யாருக்கும் தெரியாமல், காலை வெயில் எந்தக் கல்லுக்கு வருகிறது என்று பார்த்துக்கொண்டே, வாய் கோணிச் சாகலாம். கேள்வி கேட்க ஒரு நாதி இருக்காது. பியூலா போன் செய்வாள், மணி அடித்துக்கொண்டே இருக்கும், அப்பா எரிச்சலில் எடுக்கவில்லை என்று நினைத்து அவளும் கோபித்துக்கொண்டு ஒரு நாள் கழித்துக் கூப்பிடுவாள். “சார்? சார், முகம் வெளிறிப்போச்சே. வலிக்குதா?” இசக்கியம்மாள் எழுந்து பக்கத்தில் வந்திருந்தாள். இல்லை என்ற சொல் பழக்கத்தில் நாக்கு நுனிவரை வந்து நின்றது. “நிறுத்தும்மா” என்றார் சற்குணம். “வலிக்குது.” தன் வலது கை முஷ்டியாக மூடி நெஞ்சின்மேல் பதிந்திருந்ததை அவர் பார்க்கவில்லை, அவள் பார்த்தாள். ஒரு பொத்தானைக் குத்தினாள், பட்டை வேகம் குறைந்து தணிந்தது, அவள் கை அவருடைய அக்குளுக்கடியில் போய்த் தாங்கிக்கொண்டது, “டாக்டர்!” என்று அவள் போட்ட சத்தம் அந்தத் தளம் முழுக்கக் கேட்டிருக்கும். கட்டிலில் சாய்த்தார்கள். நாக்குக்கடியில் ஒரு மாத்திரை. இளம் டாக்டர் கையில் நீளமாக வந்த தாளை வைத்துக்கொண்டு, “எப்போலேருந்து சார் இருக்கு?” என்றான். “ஒரு மாசமா. ஏறினா வரும், நின்னா போவும்.” “காலையில கேட்டேனே சார், ஏன் சொல்லல?” அந்தப் பையனின் மீசையைப் பார்த்தார், நக்கலாக ஒன்று வரும் என்று காத்திருந்தார், ஒன்றும் வரவில்லை. “என் மக வெளிய இருக்கா, அவளக் கூப்பிடுங்க” என்றார். கூப்பிட வேண்டியிருக்கவில்லை. சத்தம் கேட்டு அவள் ஏற்கெனவே கதவைத் திறந்துகொண்டு வந்திருந்தாள், செருப்புக்கூடப் போடாமல். மழித்தும் மழிக்காமலும் கிடந்த அப்பாவின் வெற்று நெஞ்சை, ஒட்டியிருந்த பொத்தான்களை, ஒயரை எல்லாம் பார்த்தாள். அவர் துணியை இழுத்து மூடிக்கொள்ளவில்லை. “ரொம்ப வலிக்காப்பா?” என்றாள். “ஆமாட்டி, ரொம்ப வலிக்கு” என்றார் சற்குணம். பியூலா ஸ்டூலை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, இன்னும் மூடியே இருந்த அந்தக் கையை விரல் விரலாகப் பிரித்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.